கடன் கொடுத்தவர்கள் தங்க வந்தபோது

மடிப்பக்காவுக்குக் கடன் என்றாலே ஆகாது. சில்லறை இல்லாத நேரத்தில் கடைக்காரர், "பரவாயில்லம்மா, நாளைக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், வாங்கிய சோப்பை மேஜைமேலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்து, சில்லறையோடு திரும்பிப் போய்த்தான் அந்தச் சோப்பைத் தொடுவாள். மழையில் நனைந்துகொண்டு இப்படி நடப்பதை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். ஊரிலேயே பெரிய ஓட்டலின் சலவைப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. கையில் எது கிடைத்தாலும் மடித்துவிடுவாள். பஸ் டிக்கெட், பிஸ்கட் உறை, புருஷன் உட்காரப் போகும் துண்டு, எதுவும் தப்பாது. அந்தப் புருஷன் சோபாவுக்கும் நாற்காலிக்கும் பஞ்சு மாற்றி உறை தைக்கிறவர். எல்லாருக்கும் சோபாக்காரர். கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. எதிர்வீட்டு மாடியில் இருக்கிற எனக்கு அவர்கள் சண்டை போட்டால் அடுப்படிவரை கேட்கும். ஆனால் சண்டை போடுகிறவர்கள் இல்லை அவர்கள். சோபாக்காரர் வாயில் எந்நேரமும் நாலு ஆணி இருக்கும். எப்படிச் சண்டை போடுவது?

அந்த மழைக்காலத்தில் மட்டும் ஆணிகளைத் துப்பிவிட்டுப் பேசினார்.

வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் மகளோடு போய் இருக்கப் போகிறார், வீட்டை விற்கப் போகிறார். பக்கத்து டயர்க் கடைக்காரர் மொத்தப் பணத்தோடு தயாராக நிற்கிறார், வாங்கினால் இடித்துவிட்டுக் கிடங்கு கட்டுவார். இத்தனை வருஷம் இருந்தவர்கள் என்பதால் முதலில் உங்களைக் கேட்கிறேன், மாசம் முடிவதற்குள் சொல்லுங்கள் என்றார். சோபாக்காரர் மறுநாளே பேங்க்குக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மனைவியின் சம்பளத்தை வைத்துக் கடன் கொடுக்கத் தயார் என்றார்களாம்.

"பதினஞ்சு வருஷம். மாசாமாசம் இப்பக் கொடுக்கற வாடகையை விடக் கொஞ்சம்தான் கூட. கணக்குப் போட்டுப் பாரு" என்றார்.

"கடன் வேண்டாம்."

"அப்ப கடை எங்க போகும்? இந்தத் தெருவுல நான் ஆணி அடிக்கற சத்தம் கேட்டுத்தான் ஆளுங்க வர்றாங்க. வேற தெருவுக்குப் போனா சத்தம் தாங்கலன்னு துரத்துவாங்க."

"வேற தெருவுக்குப் போலாம். கடன் வேண்டாம்."

"வாடகை கொடுத்தா மட்டும் நிம்மதியா?"

"வாடகை கொடுக்கலன்னா நம்மள வெளிய போகச் சொல்வாங்க. கடன் கொடுக்கலன்னா அவங்க உள்ள வருவாங்க" என்றாள்.

சோபாக்காரர் ஆணிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரியும் அது எங்கிருந்து வருகிறது என்று. மடிப்பக்காவின் அப்பா ரொட்டி அடுப்பு வைத்திருந்தவர். அடுப்பைப் பெரிதாகக் கட்டக் கடன் வாங்கினார், அடுப்பு சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் செத்தார், கடன் சாகவில்லை. கடன் கொடுத்தவர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தால் அம்மா நல்ல பாத்திரங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கடத்திவிடுவாள். பிள்ளைகளுக்குக் கிழிந்த சட்டையை மாட்டிவிடுவாள். வந்தவர்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கடைசித் தடவை எடுக்க ஒன்றுமில்லாமல் வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மடிப்பக்கா ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து, தன் முதல் வருஷச் சம்பளத்தில்தான் அப்பாவின் கடைசிப் பாக்கியைத் தீர்த்தாள். அப்படிப்பட்டவளிடம் போய்ப் பதினைந்து வருஷம் என்றால்?

இந்த நேரத்தில்தான் ஓட்டலில் மேனேஜர் எல்லாப் பகுதிப் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டார். சமையல், வரவேற்பு, தோட்டம், சலவை, எல்லாரும் நின்றார்கள்.

"இன்னிக்குச் சாயங்காலம் நமக்கு முக்கியமான விருந்தாளிங்க. நம்ம கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கறவங்க. இனிமே கொடுக்கப் போறவங்களும் கூட வர்றாங்க. மூணு நாள் இங்கயே தங்கி எல்லாத்தையும் பார்ப்பாங்க. நல்லபடியா நடந்துக்கங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எப்போதும் சொல்வதுபோலச் சொன்னார்.

மடிப்பக்காவுக்குக் காது அடைத்துவிட்டது. கம்பெனிக்குக் கடனா? இத்தனை மாடி, இத்தனை விளக்கு, நீச்சல்குளம், கூடத்தில் தொங்கும் அந்தக் கண்ணாடிச் சரவிளக்கு. இதற்கா கடன்?

சோபாக்காரரின் தம்பி அதே கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவன். மேல் மாடியில் இருப்பான், பகல் சாப்பாட்டுக்கு மட்டும் கீழே கேன்டீனுக்கு வருவான். அவனைப் பிடித்தாள்.

"தம்பி, கம்பெனிக்குக் கடன் இருக்காமே?"

"இருக்கு அண்ணி. ஏன்?"

"எவ்வளவு?"

"எல்லா ஓட்டலும் சேர்த்து ஒன்பதாயிரம் கோடி இருக்கும்" என்றான், தன் வீட்டு மாமரத்தில் எத்தனை காய் என்று சொல்வதுபோல. முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு நிறைய வேலை அண்ணி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டான்.

மடிப்பக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தலைக்குமேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன முழம் என்ன என்பார்கள். இது ஜாணும் இல்லை முழமும் இல்லை, கடல். இருபத்திரண்டு வருஷம் நாம் துவைத்த படுக்கை விரிப்பு எல்லாம் கடனிலா கிடந்தது? ஓட்டல் போனால் வேலை போகும். வேலை போனால் வாடகை வீடுகூட இல்லை.

கீழ்த்தளத்தில் சலவைப் பகுதிக்கு வந்தாள். ஜன்னல் கிடையாது. சுவரோரம் ஆறு பெரிய இயந்திரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆவி, சோப்பு வாசனை, சூடான துணியின் வாசனை. மேஜையில் இரண்டு இரண்டு பெண்களாக நின்று விரிப்பின் நுனிகளைப் பிடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து மடிப்பார்கள். அவர்களிடம் சொன்னாள். ஒருவர் கையும் ஓடவில்லை. அத்தனை பேருக்கும் கடன்காரர்கள் வந்து போன வீடு ஒன்று நினைவில் இருந்தது.

"புது விரிப்பெல்லாம் இப்பத்தானே அக்கா வந்து இறங்கிச்சு?" என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

"அதான் சொல்றேன். கடன் கொடுத்தவன் வர்ற அன்னிக்கு எவளாவது இருக்கற நகையெல்லாம் மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களிடம் செய்யச் சொல்லவில்லை, செய்யாதே என்று சொல்லவும் யாருக்கும் தோன்றியிருக்காது. புதிதாக வந்த விரிப்பு, தலையணை உறை, பூந்துண்டு, கனமான மெத்தைப் போர்வை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, விருந்தாளிகள் விட்டுப்போன பெட்டிகளை வைக்கும் பழைய அறைக்குள் அடுக்கினார்கள். உணவுக்கூடத்துப் பெண் கேள்விப்பட்டு வெள்ளித் தேநீர்க் குவளைகளையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வீட்டில் ஒருமுறை குக்கரையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வேலையாட்கள் தங்குமிடத்துக்கு என்று ஒதுக்கிய பழைய விரிப்புகள், மடிப்பக்கா தன் கையால் ஒட்டுப்போட்டுத் தைத்தவை, அவை அந்த விருந்தாளிகளின் அறைகளுக்குப் போயின. சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏழைபோல இருந்தன. அதுதான் வேண்டும்.

கம்பெனியைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம்பி அவள் அன்று வீட்டுக்கு வந்தாள். வழியில் கொய்யாப்பழம்கூட வாங்கினாள், ரொக்கம் கொடுத்து.

மறுநாள் காலையில் கொழுந்தன் கீழ்த்தளத்துக்கு ஓடிவந்தான். அவன் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கி, தடவித் தடவி வந்தான்.

"அண்ணி! அவங்க ரூம்ல என்ன விரிச்சீங்க?"

"ஏன், அழுக்கா இருந்துச்சா?"

"ஒட்டுப்போட்டு இருந்துச்சு! புதுத்துணி எங்க?"

"பத்திரமா இருக்கு" என்றாள், குரலைத் தாழ்த்தி. "அவங்க கண்ணுல படாது."

கொழுந்தன் துணிக்கட்டுமேல் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பதா அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னான். கடன் கொடுக்கும்போதே அவர்கள் ஒரு வாக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஓட்டலுக்கு வரும் வருமானத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்து மெத்தை, விரிப்பு, நாற்காலி, திரைச்சீலை இவற்றுக்கு மட்டுமே செலவு செய்யவேண்டும். வேறு எதற்கும் தொடக்கூடாது. கட்டடம் கிழடானால் விருந்தாளி வரமாட்டான், விருந்தாளி வராவிட்டால் வட்டி வராது.

"இப்ப மேல உக்காந்து கேக்கறாங்க, அந்தப் பங்கு எங்க போச்சுன்னு. துணிகூட வாங்க முடியாத நிலைமையில இருக்கீங்களான்னு கேக்கறாங்க. இந்த வருஷம் ஆயிரத்து இருநூறு கோடிக்குக் கெடு வருது அண்ணி. அதைப் புதுக்கடன் வாங்கி அடைக்கணும். இப்ப அந்தப் புதுக்கடனுக்கு வட்டியைக் கால் சதவீதம் ஏத்தலாம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க."

"கால்தானே?"

"வருஷத்துக்கு மூணு கோடி. பத்து வருஷக் கடன். முப்பது கோடி."

மடிப்பக்கா தன் கையிலிருந்த விரிப்பைப் பார்த்தாள். பாதி மடித்த விரிப்பு. அதன் ஓரத்தில் அவள் போட்ட ஒட்டு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உள்ளங்கை அகலத் துணி முப்பது கோடியை அசைக்குமா? மேலே எங்கேயோ, அவள் பார்த்தே இராத மாடியில், அவள் தைத்த தையலைப் பற்றிப் பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பயத்தைவிட முதலில் வந்தது பிரமிப்புதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"தேடிக்கிட்டு இருக்கார். உங்க வேலை போயிடும் அண்ணி. யாரோ மாத்திப் போட்டுட்டாங்கன்னு சொல்லிடுங்க."

"நான்தான போட்டேன்" என்று சொல்லிவிட்டு, கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

கூடத்தில் நீள மேஜையைச் சுற்றி ஒன்பது பத்துப் பேர் இருந்தார்கள். மேனேஜர் முகம் வெளுத்திருந்தது. மடிப்பக்கா வாசலில் நின்று, "துணி இருக்குங்க. நான்தான் ஒளிச்சு வச்சேன். வந்தா காட்டறேன்" என்றாள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்திலிருந்து வயதான ஓர் அம்மா முதலில் எழுந்தாள். கட்டையான உருவம், குட்டை முடி, காலில் நடக்கத் தோதான செருப்பு. ஓய்வுபெற்ற நர்சுகளின் ஓய்வூதிய நிதிக்கு அவள்தான் தலைவி என்று கொழுந்தன் பின்னால் வந்து காதில் சொன்னான். மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். எல்லாரும் லிப்ட்டில் கீழே இறங்கினார்கள். லிப்ட் முழுக்க வாசனைத் திரவிய நெடி, நடுவில் மடிப்பக்காவின் சோப்பு வாசனை.

பெட்டி அறையைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

தரையிலிருந்து கூரைவரை வெள்ளை. ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பைத் தாண்டவில்லை. சுவர் கட்டியதுபோல விரிப்புகள், அதற்குமேல் போர்வைகள், அதற்குமேல் துண்டுகள். மூலையில் வெள்ளிக் குவளைகள் தலையணை உறைகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. வந்தவர்களில் ஒருவர் தன்னையறியாமல் "அடேயப்பா" என்றார்.

நர்சம்மா உள்ளே போய் ஒரு விரிப்பின் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, "எதுக்கும்மா ஒளிச்சு வச்சீங்க?" என்று கேட்டாள்.

"கடன் கொடுத்தவங்க வர்றாங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்ல கதவைக் கழட்டிக்கிட்டுப் போனாங்க. அதான்."

மேனேஜர் இருமினார். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நர்சம்மா சிரிக்கவில்லை.

"நேத்து உங்க ஒட்டுமேலதான் படுத்திருந்தேன். நான் வார்டுல முப்பது வருஷம் படுக்கை விரிச்சவ. தையல் நல்லா இருந்துச்சு. ஆனா ஒட்டுப்போடறதுக்கா நாங்க பணம் கொடுத்தோம்னு கோவம் வந்துச்சு. ராத்திரி தூங்கவே இல்லை" என்றாள். "கதவைக் கழட்டிக்கிட்டுப் போக நாங்க வரலைம்மா. உண்மையைச் சொல்லவா? நாங்க எதுக்குப் பயந்து வந்திருக்கோம் தெரியுமா? உங்க கம்பெனி கெடுவுக்கு முன்னாலயே மொத்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துடுமோன்னு."

மடிப்பக்காவுக்குப் புரியவில்லை. "திருப்பிக் கொடுத்தா நல்லதுதானங்க?"

"எங்களுக்கு எதுக்கு அது? மாசாமாசம் நாப்பதாயிரம் நர்சுங்களுக்கு ஓய்வூதியம் போகணும். உங்க வட்டிதான் அவங்க சோறு. கொடுத்த முதல் மொத்தமா வந்து விழுந்தா, அதைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? எந்த வீட்டுக் கதவைத் தட்டி, வாங்கிக்கங்கன்னு கேப்பேன்?"

கொடுத்தவள் கதவைத் தட்டிக் கேட்பாளாம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று! மடிப்பக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். உலகத்தில் இப்படி ஒரு கடன் இருக்கிறது, இத்தனை நாள் அதன் நடுவில் நின்றுதான் துணி மடித்திருக்கிறோம் என்பது அவளுக்குப் பெரிய கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல இருந்தது.

வட்டி ஏறவில்லை. அவள் வேலையும் போகவில்லை. மேனேஜர் மட்டும் இரண்டு வாரம் அவளிடம் பேசாமல், சொல்ல வேண்டியதை எல்லாம் இஸ்திரிக்காரி மூலம் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் சொன்னபடி வந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. கடையில் வயிறு திறந்து கிடந்த ஒரு சோபாவைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். டீ குடிக்க என்னையும் கூப்பிட்டார்கள். மடிப்பக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவ்வளவு கேள்வி அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஒன்பதாயிரம் கோடியையும் ஒரே நாள்ல கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"கேக்க முடியாது அண்ணி. ஒவ்வொரு கடனுக்கும் ஒவ்வொரு வருஷம் கெடு. இந்த வருஷம் ஒண்ணு, அடுத்த வருஷம் ஒண்ணு, சிலது முப்பது வருஷம் கழிச்சு. ரெண்டு பெரிய கெடு ஒரே வருஷத்துல விழவே கூடாது. எங்க பிரிவு முழுக்க அந்த ஒரு வேலைதான் செய்யுது."

"அட, இது எங்க வேலை" என்றாள். "ஒரு கட்டிலுக்கு நாலு விரிப்பு. ஒண்ணு கட்டில்ல, ஒண்ணு துவைப்புல, ஒண்ணு அலமாரில, ஒண்ணு சும்மா ஓய்வுல கிடக்கும். எல்லாம் ஒரே நாள்ல அழுக்கானா ஓட்டலை மூட வேண்டியதுதான்."

"ஓய்வுல கிடக்கற கடனும் இருக்கு அண்ணி. பேங்க்ல ஆயிரம் கோடி பேசி வச்சிருக்கோம், எடுக்கறதில்லை. எடுக்காததுக்கும் வருஷாவருஷம் காசு கட்டறோம்."

சோபாக்காரர் ஆணிகளைத் துப்பினார். "வாங்காத கடனுக்குக் காசா? யாருடா இவங்க?"

"மழை பிடிச்ச பிறகு குடை வாங்கப் போனா சொன்னதுதான விலை? ஒரு வருஷம் ஆளே வராமப் போச்சுன்னா, அன்னிக்கு எந்த பேங்க் கொடுக்கும்? அதான் வெயில் காலத்துலயே பேசி வைக்கறது."

"முப்பது வருஷம் கழிச்சுன்னியே" என்றாள் மடிப்பக்கா. "அதை யாரு கட்டுவா?"

"அப்ப நான் இருக்க மாட்டேன். நீங்களும் இருக்க மாட்டீங்க. மேனேஜர், முதலாளி, கடன் கொடுத்தவங்க யாருமே இருக்க மாட்டாங்க. ஓட்டல் இருக்கும். அந்த நம்பிக்கையிலதான் கொடுக்கறாங்க."

மடிப்பக்கா டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சு மூட்டையின் கிழிந்த காகிதத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே, "ஓட்டலுக்குச் சாவு இல்லை. மனுஷன் வாங்கின கடன் அப்படியா?" என்றாள். யாரிடமும் கேட்டதுபோலத் தெரியவில்லை. மாசம் முடிய மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் அவளே, "வாங்க, பேங்க்குக்குப் போய்க் கேட்டுட்டாவது வருவோம்" என்று புருஷனை அழைத்துப் போனாள். அங்கே நடந்ததை சோபாக்காரர்தான் எனக்குச் சொன்னார், ஊசியில் நூல் கோக்க முடியாமல் தடுமாறிக்கொண்டே.

அதிகாரி சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொன்னாராம். மடிப்பக்கா முதல் கேள்வியாக, "முன்னாடியே மொத்தமாக் கட்டிட்டா?" என்று கேட்டாள்.

"முதல் அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டினா அபராதம் உண்டும்மா."

"கட்டலன்னாலும் அபராதம், கட்டினாலும் அபராதமா?" என்று சோபாக்காரர் எகிறினார். மடிப்பக்காவோ வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். "நம்மள விட்டுப் பிரிய இவங்களுக்கு மனசில்லைங்க" என்றாள்.

"கெடு வந்து கட்ட முடியலன்னா, புதுக்கடன் கொடுத்து இதை அடைப்பீங்களா? பத்து வருஷம் தள்ளி வைப்பீங்களா?"

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்கும்மா" என்றார் அதிகாரி, வருத்தமாகத்தான். "உங்களுக்கு மூணு தவணை தவறினா நோட்டீஸ் வரும்."

சிரிப்பு நின்றுவிட்டது. மடிப்பக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்துவிடுவாள் என்றே சோபாக்காரர் நினைத்தார். டயர்க் கடைக்காரர் முகம் அவருக்குக் கண்முன்னால் வந்ததாம்.

அவள் எழவில்லை. "தம்பி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. தவணை ஓடிக்கிட்டு இருக்கும்போது நான் செத்துட்டா?"

"என்ன பேச்சு இது, இந்த இடத்துல" என்றார் சோபாக்காரர்.

அதிகாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டி அவள் பக்கம் திருப்பிவைத்தார். "கடனோட இன்சூரன்ஸும் சேர்ந்து வருதும்மா. மாசத் தவணையிலயே அதுவும் அடக்கம். நீங்க இல்லன்னா மிச்சத்தை அவங்க கட்டிடுவாங்க. வீடு இவரோடது."

"யாரும் வந்து இவரைக் கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"என் கடன்?"

"உங்களோட முடிஞ்சுதும்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி."

அவர் சொன்னார். மடிப்பக்கா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினாளாம். சோபாக்காரர் பதறிப்போய்த் தன் உள்ளங்கையை அந்தப் பக்கத்தின்மேல் விரித்து மூடினார். "இந்தப் பக்கம் வேண்டாம் சார். இதை எடுத்துடுங்க. அப்படி ஒரு வீடு எனக்கு வேண்டாம்."

"கையை எடுங்க" என்றாள் மடிப்பக்கா.

அவர் எடுக்கவில்லை. அவளே அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, மற்ற எந்தப் பக்கத்திலும் போடுவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தில் முதல் கையெழுத்தைப் போட்டாள்.